ஓசூர்க் குளிரில் மாடி மிளகாய்: செடி என்ன காட்டுகிறது, நாம் என்ன செய்வது

அம்மா இருப்பது அரூரில். நான் இருப்பது ஓசூரில், தளி ரோட்டுப் பக்கம். 2004 வரைக்கும் இரண்டு ஊரும் ஒரே மாவட்டம்தான். ஆனால் மிளகாய்ச் செடியைக் கேட்டால் இரண்டும் வேறு வேறு தேசம் என்று சொல்லும். அரூரில் அம்மா வற்றல் கிள்ளும்போது வாசலில் சிதறிய விதை தானாக முளைத்துக் காய்க்கிறது. அதே விதையைக் கொண்டுவந்து இங்கே மொட்டை மாடியில் போட்டு, முதல் வருடம் நான் பறித்தது மொத்தம் ஒன்பது காய். "வெதய வீசுனா மொளைக்கப் போவுது, இதுக்கு என்ன கண்ணு இவ்ளோ ஆராய்ச்சி?" என்று போனில் சிரித்தார்.

ஆராய்ச்சி வேண்டியிருக்கிறது. ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரம். மிளகாயோ அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதியில் பிறந்து, போர்ச்சுக்கீசியர் வழியாக நம்மிடம் வந்து சேர்ந்த செடி. பகலில் 25 முதல் 30 டிகிரி, இரவில் 18-க்குக் குறையாமல் இருந்தால் சந்தோஷமாக வளரும். இங்கே கார்த்திகை பிறந்தால் இரவு 15-ஐத் தொட்டுவிடும். தை மாத அதிகாலையில் என் மாடித் தெர்மாமீட்டர் 12 காட்டியதும் உண்டு.

கீழே உள்ளது தொட்டியிலும் பையிலும் வளர்ப்பவர்களுக்கு. ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை, வத்தல்மலை போன்ற மேட்டு ஊர்க்காரர்களுக்கு ஐப்பசியிலிருந்து மாசி வரை முழுசாகப் பொருந்தும். கிருஷ்ணகிரி, தருமபுரி டவுனில் இருப்பவர்கள் மார்கழி, தைக்கு மட்டும் எடுத்துக்கொண்டால் போதும்.

மருந்து டப்பாவைத் தொடும் முன்

எந்தக் கோளாறாக இருந்தாலும் முதலில் இரண்டு விஷயம் பாருங்கள். ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விடுங்கள். மேலே காய்ந்திருந்து உள்ளே சில்லென்று ஈரம் ஒட்டினால் தண்ணீர் அதிகம். அப்புறம் மீன் தொட்டிக்கு விற்கும் சின்னத் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி, காலை ஏழு மணிக்கு அதே குழியில் செருகி ஐந்து நிமிடம் விடுங்கள். 16-க்குக் கீழே காட்டினால் வேர் ஏறக்குறைய தூங்குகிறது. அந்த நிலையில் உரம் போட்டாலும் ஏறாது, டானிக் அடித்தாலும் பிரயோஜனம் இல்லை.

நான் "நோய்" என்று நினைத்து மருந்து அடித்ததில் பாதிக்கு மேல் இந்த இரண்டில் அடங்கிவிட்டது: குளிர்ந்த மண், கை தாராளமான தண்ணீர். அதனால்தான் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

விதை போட்டு மூன்று வாரம், ஒன்றும் வெளியே வரவில்லை

ஒரு விதையைத் தோண்டி எடுங்கள். நகத்தால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக, வைத்தபடியே வெளிர் மஞ்சளாக இருந்தால் அது சூட்டுக்காகக் காத்திருக்கிறது, இன்னும் பிழைக்கும். அழுத்தியதும் பொளக்கென்று சேற்றுத் தண்ணீர் வந்தால் அழுகிவிட்டது. உள்ளே ஒன்றுமில்லாமல் தோல் மட்டும் நசுங்கினால் விதையே பதர். கடை வற்றலிலிருந்து எடுத்த பழைய விதையில் இது சகஜம்.

மிளகாய் விதை 28 டிகிரி வாக்கில் ஒரு வாரம், பத்து நாளில் முளைக்கும். 20 டிகிரியில் இரண்டு மூன்று வாரம் இழுக்கும். 15-க்குக் கீழே போனால் முளைப்பதற்கு முன்பே அழுகும்.

இதற்குத் தெர்மாமீட்டர் கூட வேண்டாம், இட்லி மாவு போதும். ஓசூரில் மார்கழி மாதம் இட்லி மாவு பொங்காத வீடு எது என்று கேட்டால் எல்லா வீடும் கை தூக்கும். ராத்திரி கரைத்து வைத்த மாவு காலையில் அப்படியே அமுங்கிக் கிடக்கும். மாவு பொங்காத மூலையில் மிளகாய் விதையும் முளைக்காது. மாவுக்கு நீங்கள் எந்த இடத்தைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறீர்களோ, அதுதான் விதைக்கும் இடம். சிலர் வீட்டில் இன்வெர்ட்டர் மேல், சிலர் வீட்டில் செட்டாப் பாக்ஸ் மேல். எங்கள் வீட்டில் அடுப்பு மேடைக்கு மேலே உள்ள பரண்.

செய்முறை இதுதான். விதையை ஒரு ராத்திரி வெதுவெதுப்பான தண்ணீரில் ஊற வையுங்கள். காலையில் வடித்து, ஒரு சிட்டிகை சூடோமோனாஸ் பொடியில் (நோய்ப் பூஞ்சையை அடக்கும் நல்ல பாக்டீரியா) புரட்டுங்கள். பழைய பருத்தி வேட்டித் துண்டை நனைத்துப் பிழிந்து (சொட்டக் கூடாது) அதில் விதையைப் பரப்பி மடித்து, சின்ன எவர்சில்வர் டப்பாவில் வைத்து, மூடியை லேசாகத் திறந்த மாதிரி விடுங்கள். டப்பாவைச் சூடான இடத்தில் வைத்துவிட்டுத் தினமும் ஒரு முறை திறந்து பாருங்கள். ஆறாம் நாளிலிருந்து விதையின் ஓரத்தில் வெள்ளையாக, அரிசி நொய் அளவுக்கு ஒரு முனை எட்டிப் பார்க்கும். அந்த முனை துணிக்குள் ஓடிப் பின்னிக்கொள்வதற்கு முன்பே எடுத்து, நாற்று வளர்க்கும் குழித்தட்டில் வைத்துவிட வேண்டும். கால் அங்குல ஆழம் போதும். நான் ஒரு தடவை இரண்டு நாள் ஷிப்ட் மாறி வேலைக்குப் போய்விட்டு வந்து திறந்தேன், வேரெல்லாம் துணியோடு நெய்ததுபோல ஆகிவிட்டது. பிரிக்கும்போது பாதி ஒடிந்தது.

மார்கழி, தையில் விதைப்பதே வேண்டாம் என்பது என் கருத்து. மாசி பாதிக்கு மேல் விதைத்தால் செடி சித்திரை வெயிலில் வளர்ந்து, குளிர் வருவதற்குள் இரண்டு மூன்று சுற்றுக் காய்த்துவிடும்.

முளைத்த நாற்று காலையில் படுத்துக் கிடக்கிறது

நேற்று நிமிர்ந்து நின்றது, இன்று மண்ணை ஒட்டின இடத்தில் தண்டு நூல் போலச் சுருங்கிச் சாய்ந்துவிட்டது என்றால் நாற்றழுகல். விழுந்ததைக் காப்பாற்ற முடியாது. பக்கத்துக் குழிகளுக்குப் பரவாமல் பார்க்கலாம். விழுந்ததை மண்ணோடு எடுத்து வெளியே போடுங்கள், இரண்டு நாள் தண்ணீர் நிறுத்துங்கள், தட்டை வெயிலுக்கும் காற்றுக்கும் நகர்த்துங்கள். அடுத்த முறை கலவையில் ஒரு கிலோ மண்புழு உரத்துக்கு ஒரு ஸ்பூன் ட்ரைக்கோடெர்மா விரிடி (நோய்ப் பூஞ்சையை அடக்கும் நல்ல பூஞ்சை) கலந்து ஒரு வாரம் ஈரமாக வைத்திருந்து பயன்படுத்துங்கள். மேலே பூவாளியால் ஊற்றாமல், தட்டைத் தண்ணீரில் வைத்து அடியிலிருந்து உறிஞ்ச விடுவது நல்லது.

நாற்று ஒல்லியாக நீண்டு ஒரு பக்கம் வளைகிறது

வெளிச்சம் போதவில்லை. ஜன்னல் ஓரத்து வெளிச்சம் நமக்குப் பிரகாசம், செடிக்கு இருட்டு. முளை வந்த அன்றே வெளியே வெயிலுக்குக் கொண்டுபோங்கள், மாலையில் உள்ளே எடுங்கள். நீண்டுவிட்டதை முதல் இலை வரை புதைத்து நடலாம்.

செடி மாதக் கணக்கில் அப்படியே நிற்கிறது, தண்டு ஊதாவாகிறது

ஆறு இலை, எட்டு இலையோடு நின்றுவிடும். சாவதும் இல்லை, வளர்வதும் இல்லை. இலை கரும்பச்சையாக, அடியிலும் காம்பிலும் ஊதா ஓடும். மண் குளிர்ந்துவிட்டால் வேரால் மணிச்சத்தை (பாஸ்பரஸ்) எடுக்க முடியாது. சத்து மண்ணில் இருக்கும், செடிக்குப் போகாது. இதைப் பார்த்துவிட்டு டி.ஏ.பி. உரம் கரைத்து ஊற்றுகிறவர்கள் உண்டு. உப்பு சேருவதுதான் மிச்சம். (கணுவில் மட்டும் ஊதாக் கோடு இருப்பது சில ரகங்களின் இயல்பு. அதற்குப் பயப்பட வேண்டாம்.)

வேருக்குச் சூடு கொடுங்கள். குளிர்காலத்தில் சூரியன் தெற்கே சாய்ந்து போகிறது. அதனால் தெற்குப் பார்த்த சுவரை ஒட்டித் தொட்டியை நகர்த்தினால் பகல் முழுக்க வெயில் கிடைக்கும், சுவர் வாங்கி வைத்த சூட்டை இரவிலும் கொஞ்சம் கொடுக்கும். தொட்டியைச் சுற்றிக் கோணிப்பை. மண் மேல் மூடாக்கை மட்டும் பகலில் விலக்கிவிடுங்கள். வைக்கோல் போட்டு மூடி வைத்தால் வெயில் மண்ணில் இறங்காது. வெயில் காலத்தில் நல்லது செய்கிற அதே மூடாக்கு குளிரில் கெடுக்கிறது, எனக்கு இது புரிய ஒரு சீசன் ஆனது.

தண்ணீர் ஊற்றும் நேரமும் முக்கியம். மாடித் தொட்டித் தண்ணீர் காலை ஆறு மணிக்கு ஐஸ் மாதிரி இருக்கும். பனி விலகி வெயில் ஏறியபின் பத்து மணி வாக்கில், முந்தின நாளே வாளியில் பிடித்து வெயிலில் வைத்த தண்ணீரை ஊற்றுங்கள். மாலையில் ஊற்றாதீர்கள்.

இலை மஞ்சள்

எந்த இலை என்று பாருங்கள். விடை அங்கேதான் இருக்கிறது.

அடி இலை முழுக்க மஞ்சளாகி உதிர்கிறது, மேல் இலை வெளிறிய பச்சை என்றால் தழைச்சத்துக் (நைட்ரஜன்) குறைவு. மண்புழு உரம் இரண்டு கைப்பிடி. புதுச் சாணம் வேண்டாம். நான் ஒரு முறை பக்கத்துத் தொழுவத்திலிருந்து சுடச்சுடக் கொண்டுவந்து போட்டு நாலு செடியின் வேரை வேக வைத்தேன்.

அடி இலையில் நரம்பு பச்சையாக இருக்க, நடுவே மட்டும் மஞ்சள் என்றால் மெக்னீசியம். எப்சம் உப்பு லிட்டருக்கு 5 கிராம், அதற்கு மேல் வேண்டாம், பத்து நாள் இடைவெளியில் இரண்டு தடவை இலையில் தெளித்தால் போதும்.

நுனிக் குருத்தில் நரம்பு பச்சை, நடுவே மஞ்சள் என்றால் இரும்புச் சத்து ஏறவில்லை. போர்வெல் உப்புத் தண்ணீரை ஊற்றும் வீடுகளில் இது வரும். மழைத்தண்ணீர் பிடித்து ஊற்றிப் பாருங்கள்.

எல்லா இலையும் சோர்ந்து மஞ்சள், மண் ஈரம் என்றால் வேர் மூச்சு முட்டுகிறது. தண்ணீரை நிறுத்துங்கள், அடித் துளை அடைத்திருக்கிறதா பாருங்கள். மண் ஈரமாக இருந்தும் செடி திடீரென்று வாடிப்போனால் பையைச் சாய்த்து வேரைப் பாருங்கள். வெள்ளையாக இருந்தால் நம்பிக்கை உண்டு. பழுப்பாகி, இழுத்தால் தோல் உருவிக்கொண்டு வந்து நாற்றம் அடித்தால் செடியை அந்த மண்ணோடு சேர்த்து எறிந்துவிடுங்கள், அதே பையில் தக்காளி, கத்தரி கூட வைக்காதீர்கள். எல்லாம் ஒரே குடும்பம்.

இலை சுருட்டல்

மிளகாய் வளர்ப்பவர்கள் அதிகமாகக் கேட்கும் கேள்வியும் இதுதான், அதிகமாகத் தவறான மருந்து அடிப்பதும் இதற்குத்தான். முதல் வருடம் ஒரு சுருண்ட இலையைக் கொண்டுபோய் மருந்துக் கடை ஒன்றில் காட்டினேன். கடைக்காரர் இலையைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. மூன்று பாட்டில் எடுத்து வைத்து, "மூணையும் கலந்து அடிங்க" என்றார். அடித்தேன். இலை கருகியது, சுருட்டல் அப்படியே இருந்தது.

இலையின் இரண்டு ஓரமும் மேல்நோக்கி வளைந்து படகு மாதிரி நிற்கிறதா? இலைப்பேன். ஒரு வெள்ளைத் தாளைக் குருத்துக்குக் கீழே பிடித்து, கிளையை இரண்டு தட்டுத் தட்டுங்கள். தாளில் விழுந்த தூசியை உற்றுப் பாருங்கள். சில தூசி நகரும். நூல் நுனி அளவு, வெளிர் மஞ்சளாக, சரசரவென்று ஓரத்துக்கு ஓடும். அதுதான் ஆள். ஓசூரைச் சுற்றி ரோஜாத் தோட்டங்கள் இருப்பதால் நமக்குக் கொஞ்சம் கூடுதல் தொல்லை. மிளகாயைச் சுரண்டும் அதே இலைப்பேன் ரோஜாவையும் சுரண்டும். உங்கள் மாடியிலும் ரோஜாத் தொட்டி இருந்தால் மிளகாயை விட்டுத் தள்ளி வையுங்கள்.

இலைப்பேனுக்கு வேப்பங்கொட்டைச் சாறு நன்றாக வேலை செய்கிறது. 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, துணியில் கட்டி, ஒரு லிட்டர் தண்ணீரில் ராத்திரி ஊறப்போட்டு, காலையில் பிழிந்து வடிகட்டினால் ஐந்து சதவீதக் கரைசல். கொஞ்சம் காதி சோப்புத் தண்ணீர் சேர்த்து, மாலை நாலு மணி வாக்கில், இலையின் அடிப்பக்கம் நனைகிற மாதிரி அடியுங்கள். இலையின் மேலே மட்டும் அடித்தால் பேன் குளிக்காமலே தப்பிக்கும். வாரம் ஒரு முறை, மூன்று வாரம். நீல ஒட்டும் அட்டை ஒன்று கட்டிவிடலாம்.

ஓரம் கீழ்நோக்கி வளைந்து, கவிழ்த்த படகு மாதிரி இருக்கிறதா? இலை ஒடுங்கி, தடித்து, காம்பு மட்டும் வழக்கத்தைவிட நீளமாக, அடிப்பக்கம் எண்ணெய் தடவியதுபோல மினுக்குகிறதா? அது மஞ்சள் முரணைச் சிலந்தி. வெறும் கண்ணுக்குத் தெரியாது. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வாங்குங்கள், நகைக் கடையில் வைத்திருப்பார்களே அது மாதிரி. குருத்து இலையைத் திருப்பி நரம்பு ஓரத்தில் வைத்துப் பார்த்தால் கண்ணாடித் துளி போன்றவை மெதுவாக நகரும். பக்கத்தில் வெள்ளைப் புள்ளி குத்திய சின்ன முட்டைகள். முதல் தடவை பார்த்தபோது என் பெண் கத்திவிட்டாள்.

பேனுக்கு அடிக்கும் பல மருந்துகள் சிலந்தியைத் தொடவே தொடாது. சிலந்திக்கு எட்டுக் கால், அது பூச்சி இனமே கிடையாது. நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 முதல் 3 கிராம் கலந்து தெளியுங்கள், பத்து நாளில் இன்னொரு தடவை. இங்கே ஒரு எச்சரிக்கை: வேப்பெண்ணெய் அடித்த இரண்டு வாரத்துக்குள் கந்தகம் அடிக்காதீர்கள், கந்தகம் அடித்த இரண்டு வாரத்துக்குள் எண்ணெயும் வேண்டாம். இரண்டும் சேர்ந்தால் இலை வெந்துவிடும். மத்தியான வெயிலிலும் கந்தகம் கூடாது.

இலை மேலேயும் இல்லாமல் கீழேயும் இல்லாமல் நெளிந்து, சுருங்கி, சின்னச் சின்னதாகக் கொத்தாக நிற்கிறதா? நரம்பு தடித்து, செடி குட்டையாகி, தட்டினால் வெள்ளைத் தூள் போலச் சின்ன ஈக்கள் பறக்கிறதா? வெள்ளை ஈ கொண்டுவரும் வைரஸ். இதற்கு மருந்து கிடையாது. கிடையவே கிடையாது. "ஒரு வாரத்தில் சரியாகும்" என்று மோர்க் கரைசல், பெருங்காயக் கரைசல் என்று யார் என்ன சொன்னாலும் அந்தச் செடியைப் பிடுங்கி, பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டி, குப்பையில் போடுங்கள். மற்றச் செடிகளுக்கு மஞ்சள் ஒட்டும் அட்டை. நான் ஒரே ஒரு செடியின் மேல் பாசம் வைத்து ஐந்து செடியை இழந்தேன்.

இது எதுவும் இல்லாமல், தாளில் தட்டினாலும் லென்ஸில் பார்த்தாலும் ஒன்றும் கிடைக்காமல், குருத்து இலை மட்டும் லேசாகக் கசங்கி இருந்தால்? இரவு குளிர், பகலில் சுள்ளென்று வெயில், இந்த இரண்டின் நடுவே விரிந்த இலை அப்படித்தான் இருக்கும். விட்டுவிடுங்கள். அடுத்த இலைகள் நேராக வரும். முடிவு செய்ய முடியவில்லை என்றால் இலையைக் கவரில் மூடி எடுத்துக்கொண்டு எலுமிச்சங்கிரி வேளாண் அறிவியல் நிலையத்துக்குப் போங்கள். தருமபுரிப் பக்கம் இருந்தால் பாப்பாரப்பட்டி.

இலை அடியில் வெள்ளைப் பொடி, மேலே மஞ்சள் திட்டு

சாம்பல் நோய். நம் ஊர்ப் பனிக்காலத்துக்கென்றே வருவது. பலரும் இலையின் மேல்பக்கத்தில் பொடியைத் தேடுவார்கள். மிளகாயில் அது பெரும்பாலும் அடியில்தான் இருக்கும். மேலே மங்கலான மஞ்சள் திட்டு மட்டும் தெரியும், அப்புறம் இலை கொட்டும். மேலே சொன்ன நனையும் கந்தகமே இதற்கும். செடிகளுக்கு நடுவே ஒரு முழம் இடைவெளி விடுங்கள்.

பூ கொட்டுகிறது

காலையில் மாடிக்கு வந்தால் தொட்டி மண்ணில் வெள்ளைப் பூ நாலைந்து கிடக்கும். ஒன்றை எடுத்துக் காம்பைப் பாருங்கள். காம்பு மஞ்சளாகி, கிளையோடு சேரும் கணுவில் வெட்டியதுபோலச் சுத்தமாகக் கழன்றிருந்தால் செடியே கழற்றிவிட்டிருக்கிறது. பூவைப் பிய்த்துப் பாருங்கள், உள்ளே மஞ்சள் தூசி ஓடினால் இலைப்பேன்.

பேன் இல்லை என்றால் பெரும்பாலும் இரவுக் குளிர். 15 டிகிரிக்குக் கீழே மகரந்தம் சரியாக உருவாவதில்லை. அது போதாதென்று காலைப் பனியில் இருக்கும் கொஞ்சம் மகரந்தமும் ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும். தேனீயும் அந்தக் குளிரில் வெளியே வராது.

இரண்டு வேலை செய்யலாம். ஒன்று, இரவு மூடுவது. தொட்டியின் நாலு மூலையில் மூங்கில் குச்சி நட்டு, மாலை ஐந்தரைக்கு, மண்ணில் சூடு இருக்கும்போதே, பழைய பெட்ஷீட்டோ பாலித்தீனோ போர்த்துங்கள். பாலித்தீன் இலையைத் தொடக் கூடாது. காலையில் வெயில் வந்ததும் எடுத்துவிட வேண்டும், மறந்தால் பத்தரை மணிக்குள் உள்ளே வெந்துவிடும். உள்ளே இரண்டு பாட்டிலில் தண்ணீர் நிரப்பிக் கறுப்புப் பெயிண்ட் அடித்து வைத்தால் பகல் சூட்டைப் பிடித்து வைக்கும். என் மாடியில் மூடிய செடிக்கும் மூடாத செடிக்கும் விடியற்காலையில் மூன்று டிகிரி வித்தியாசம் இருந்தது. அந்த மூன்று டிகிரிதான் 13-க்கும் 16-க்கும் இடையில் நிற்பது.

இரண்டாவது, கையால் உதவுவது. மிளகாய்ப் பூ தன் மகரந்தத்தாலேயே காய் பிடிக்கும், உலுக்கிவிட்டால் போதும். பனி காய்ந்தபின், பத்து பதினொரு மணிக்கு, பூக்காம்பின் பின்னால் விரலால் மெதுவாகச் சுண்டுங்கள். காலை ஏழு மணிக்குச் சுண்டிப் பயனில்லை.

இரவு 16-க்கு மேல் இருந்தும் பூ கொட்டினால் தழைச்சத்து அதிகமா என்று பாருங்கள். இலை தளதளவென்று பெரிதாக, காடு மாதிரி இருக்கும், காய் மட்டும் இருக்காது. தழைச்சத்துக் கொடுக்கும் மீன் அமிலம், புண்ணாக்குக் கரைசல் எல்லாவற்றையும் ஒரு மாதம் நிறுத்துங்கள்.

காய் பிடிக்கிறது, ஆனால் குட்டையாகக் கோணலாக

ஒன்றை நீளவாக்கில் கீறிப் பாருங்கள். விதை இல்லாமல், அல்லது ஓரத்தில் மூன்று நாலு மட்டும் இருந்தால் குளிரில் அரைகுறையாக மகரந்தம் சேர்ந்த காய். சாப்பிடலாம், தாளிக்கப் போதும். காரம் விதையில் இல்லை, விதை ஒட்டியிருக்கும் வெள்ளைச் சவ்வில்தான் இருக்கிறது. பங்குனியில் அதே செடி நேரான காய் கொடுக்கும். குடைமிளகாய் வைத்தவர்களுக்கு இது இன்னும் அதிகமாக வரும். இந்தப் பக்கம் அதைப் பசுமைக்குடிலுக்குள் வளர்ப்பவர்கள் சும்மா ஒன்றும் அவ்வளவு செலவு செய்யவில்லை.

காய் நுனியில் கறுப்பு

பச்சைக் காயின் நுனிப் பக்கம் பழுப்பாக, உள்வாங்கி, காகிதம் போல உலர்ந்திருந்தால் சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேரவில்லை. மண்ணில் இல்லாமல் இருப்பது அபூர்வம். தண்ணீர் ஒரு நாள் வெள்ளம், நாலு நாள் வறட்சி என்று விட்டால் செடியால் அதை மேலே கொண்டுபோக முடியாது. தண்ணீரைச் சீராக்குங்கள். முட்டை ஓட்டைப் பொடித்துப் போட்டுவிட்டு அடுத்த வாரம் பலன் பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அது மட்கிச் சத்தாக மாறப் பல மாதம் ஆகும்.

சிவந்த காயில் வட்டம் வட்டமாக, நடுவே கறுப்புப் புள்ளி குத்தியதுபோலக் குழி விழுந்தால் அது பழ அழுகல், பூஞ்சை. ஐப்பசி மழையில் வரும். அந்தக் காய்களை உடனே பறித்து வெளியே போடுங்கள். அவற்றிலிருந்து விதை எடுக்காதீர்கள், நோய் விதை வழியாகவும் அடுத்த வருடம் வரும்.

காய் பச்சையாகவே நிற்கிறது

குளிரில் பழுக்க இரு மடங்கு நாள் ஆகும், பொறுமைதான். காம்புப் பக்கம் லேசாகச் சிவப்போ பழுப்போ ஓடத் தொடங்கிய காயைப் பறித்துச் சமையலறையில் வைத்தால் மீதி சிவந்துவிடும். முற்றாத பச்சையைப் பறித்து வைத்தால் சுருங்குமே தவிரச் சிவக்காது. எனக்கு அவசரம் என்றால் பச்சையாகவே பறித்து, கல்லில் சுட்டு, பூண்டும் புளியும் உப்பும் வைத்து நசுக்கி, ராகிக் களிக்குத் தொட்டுக்கொள்வேன். பக்கத்து வீட்டுக் கன்னட அம்மா மெணசினகாயி என்பார், எதிர் வீட்டுத் தெலுங்குத் தாத்தா மிரப்பகாய என்பார், தொட்டுக்கொள்ள மூன்று வீட்டிலும் ஒன்றுதான்.

தையில் இலையெல்லாம் கொட்டி, குச்சியாக நிற்கிறது

பலர் இந்த இடத்தில்தான் செடியைப் பிடுங்கிவிடுகிறார்கள். வயலில் ஒரு பருவத்தோடு அழித்துவிடுவதால் அது ஒரு வருடச் செடி என்று நினைக்கிறோம். உண்மையில் மிளகாய் பல வருடம் வாழக்கூடியது. காந்தாரி மிளகாய் வைத்திருப்பவர்களுக்கு இது தெரியும்.

தண்டின் அடிப்பக்கம், மண்ணுக்கு நாலு விரல் மேலே, நகத்தால் ஒரு அரிசி அகலத்துக்குத் தோலைச் சுரண்டுங்கள். உள்ளே பழுப்பாகக் காய்ந்திருந்தால் செடி போய்விட்டது. பச்சையாக, ஈரமாக இருந்தால் உயிர் இருக்கிறது. மேலே போகப் போக அங்கங்கே சுரண்டி, பச்சை எங்கே நிற்கிறதோ அதற்குக் கொஞ்சம் கீழே, ஒரு கணுவுக்கு மேல் சாய்வாக வெட்டுங்கள். உரம் வேண்டாம். தண்ணீர் வாரம் ஒரு டம்ளர். தெற்குச் சுவர் ஓரத்தில் வைத்துவிட்டு மறந்துவிடுங்கள். மாசி கடைசியில், இரவு 17, 18-க்கு ஏறியதும், கணுவில் கடுகு அளவில் பச்சைப் புள்ளி கிளம்பும். அன்றைக்கு முதல் கைப்பிடி மண்புழு உரம்.

போன வருடம் அப்படி விட்ட ஒரு குச்சி இப்போது மூன்றாம் வருடத்தில் இருக்கிறது. சித்திரையில் அம்மா வந்திருந்தபோது அதிலிருந்துதான் ஒரு படி காய் பறித்து அரூருக்குக் கொடுத்தனுப்பினேன். பஸ் ஏறும்போது, "விதை எடுத்து வை, ஊர்ல போட்டுப் பாக்கறேன்" என்றார்.